முழங்கால் ஜவ்வு: முறைகள் மூன்று



‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று மக்கள் கூறும் முழங்கால் ஊறு, பல வேளைகளில் முன்சிலுவைத் தசைநார் அறுந்ததையே குறிக்கும். மருத்துவமனைகளில் அதனை ‘ஏ.சி.எல்.’ என்பர். மூட்டின் நடுவே நின்று, கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் முறுகாமலும் காப்பது அந்நார். கபடிக் களத்தில் சட்டெனத் திரும்பும் இளைஞர்க்கும், வண்டி சரிந்து கால் முறுகியவர்க்கும் அஃது அறுவதுண்டு.

முழுதும் அறுந்த நாரை வெறுமனே தைத்தால் உறுதி நிலைப்பது அரிது. ஆதலின் உடலின் வேறோரிடத்து நாணை எடுத்துப் புதுநாராகப் பொருத்துவர். 1917இல் இங்கிலாந்து மருத்துவர் ஹே குரோவ்ஸ், தொடைப் புறத்துப் படலக் கீற்றைக்கொண்டு இவ்வாறு அமைத்ததை எழுதினார். இன்று மூன்று முறைகள் பெருவழக்காய் உள்ளன.

முதலாவது, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பகுதியை, இருமுனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது. எலும்போடு எலும்பு விரைந்து கூடுவதால் பிடிப்பு உறுதியாகும். ஆயின் மண்டியிடுங்கால் வலி தோன்றக்கூடும்.

இரண்டாவது, தொடையின் பின்புற நாண்களை எடுத்து மடித்துப் பொருத்துவது. முன்புற வலி குறைவு. ஆயின் நாண் எலும்போடு ஒன்றக் காலம் மிகுதி. காலை ஆழ மடக்கும் வலிமையும் சிறிது குறையலாம்.

மூன்றாவது, சில்லுக்கு மேலுள்ள தடித்த நாணை எடுப்பது. மண்டியிடும் வலி முதல் முறையினும் குறைவு. தொடையின் முன்தசை வலிமை மீளப் பயிற்சி மிக வேண்டும்.

இவற்றுள் எல்லார்க்கும் சிறந்தது என ஒன்றில்லை. களத்தில் மோதி ஆடுவோர்க்கு முதல் முறை பொருந்தலாம். மண்டியிட்டு வணங்குவோர்க்கும், குந்திக் களையெடுக்கும் உழவர்க்கும் அதுவே இடராகலாம். ஆகவே நோயாளியின் அகவை, தொழில், அன்றாடப் பழக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே உரைத்தல் குடும்பத்தார் கடன்.

அறுவை எல்லார்க்கும் உடனே வேண்டுவதும் அன்று. 2010இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில் 121 இளையோர் பங்குற்றனர். முதலில் பயிற்சி மட்டும் பெற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டு வரை இவ்வறுவையின்றியே இருந்தனர். மூட்டு அடிக்கடி நழுவுவோர்க்கும், திரும்பித் தாவும் ஆட்டங்களை விடாதோர்க்கும் அறுவை பயன் தரும்.

எம்முறை கொண்டாலும் 9 மாதத்திற்கு முன் ஆடுகளம் புகுதல் தகாது. வலி நீங்கியதால் நார் முதிர்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. அதுவரை பயிற்சியைத் தவறாது செய்விப்பதே புதுநாரைக் காக்கும் வழி.