புளியங்கொட்டையும் மிச்சக்காசும்



நாங்கள் இங்கே முதலாம் வகுப்பில் புளியங்கொட்டை வைத்துத்தான் எண்ணப் பழகினோம். பத்துக் கொட்டையைக் கொடுத்தால் ரீச்சர் ஓர் ஈர்க்குத் தருவார். ஈர்க்கைத் தொலைத்தால் பத்தும் போச்சு! ஒன்று பத்துக்காக நிற்கும் என்பது அப்படித்தான் விளங்கியது. பிறகு கன்ரீனில் சதுரமான ஐந்து சதமும் பூப்போன்ற பத்துச் சதமும் லேசாகவே பிடிபட்டன.

எங்களில் சிலர் இன்று வைத்தியர்கள். கிளினிக்கில் நாலு வயதுப் பிள்ளை இருபது வரை ஒப்புவிக்கும், தாய்க்குப் பெருமை. "மூன்று மூடி தாங்கோ" என்றால் கை நிறைய அள்ளித் தரும். அது குறையல்ல. சொல் முதலில் வரும், அளவு பிறகு வரும்.

ஒருமுறை நாங்களே பிழை விட்டோம். தாளில் ஒரு கணக்கும் செய்யாத ஏழு வயதுச் சிறுமியை 'கற்றலில் பின்தங்கியவள்' என்று எழுதினோம். சற்று நேரத்தில் அவள் வாசலில் கச்சான் வாங்கி, ஐந்நூறு ரூபாய்க்கு மிச்சத்தைச் சரியாக எண்ணி எடுத்தாள். அம்மம்மா சந்தையில் மரக்கறி விற்பவராம். எழுதியதை வெட்டினோம்.

எங்கள் பிள்ளைகளோ அட்டை தட்டுவதைத்தான் காண்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் இரண்டு டொலர்க் குற்றி ஒரு டொலரைவிடச் சிறியது. கனடாவில் பத்துச் சதம் ஐந்து சதத்தைவிடச் சிறியது. கையில் எடுத்துப் பாராத பிள்ளைக்குப் பெரியதுதான் கூடுதலான காசு.

அடுத்தமுறை ஊருக்கு வரும்போது பிள்ளையிடமே காசைக் கொடுத்துக் கச்சான் வாங்க விடுங்கள். மிச்சத்தை அதுவே எண்ணட்டும். பின்னால் வாய் திறக்காமல் நிற்பதுதான் எங்களுக்குக் கஷ்டம்.