மருந்துக்கு ஆகுபெயர் ஆகாது

(புதுவையில் நடைபெற்ற தமிழ் உணர்வாளர் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

'மருத்துவமும் தமிழும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். சித்த மருத்துவத்தின் பழஞ்சிறப்பை எடுத்துரைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதனைச் சொல்ல என்னினும் தக்கார் பலர் உளர். நான் பேசப்போவது, நம் வீட்டுத் தட்டில் இருக்கும் மருந்துக் குப்பியைப் பற்றி. அதன்மேல் ஒட்டிய தாளில், நம் தாய்மார்க்கு விளங்காமற் கிடக்கும் இரண்டு மூன்று எண்களைப் பற்றி.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றனோடு நிறுத்தாமல், உழைச்செல்வான் என நான்காவதாக ஒருவனைச் சேர்க்கிறார். அருகிருந்து மருந்தை வேளை தவறாமல் கொடுப்பவனே உழைச்செல்வான். மருத்துவமனையில் அப்பணிக்குப் பயின்ற செவிலியர் உளர். வீட்டில் யார் உளர்? கண்பார்வை மங்கிய பாட்டி, அலுவலுக்கு விரையும் மகன், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஓடிவரும் மருமகள். மருத்துவர் எழுதியதற்கும் நோயாளி விழுங்குவதற்கும் இடையில் நிற்பவர் இவர்களே. இவர்கள் கணக்கில் தவறினால், மற்ற மூன்று கூறும் நன்றாய் இருந்தும் பயனில்லை.

நான் தவறினேன். அதனை இந்த அவையில் சொல்லத்தான் வேண்டும்.

என் தாயார்க்கு நீரிழிவு. காலைதோறும் 20 அலகு இன்சுலின் போடவேண்டும். நாங்கள் வாங்கும் குப்பி, ஒரு மில்லி இலிட்டரில் 40 அலகு கொண்டது. ஒரு நாள் வழக்கமான ஊசிக்குழல் தீர்ந்துவிட, கடையில் கொடுத்த வேறொன்றை வாங்கி வந்தேன். 20 என்னும் கோடுவரை மருந்தை இழுத்து ஐந்து நாள் போட்டேன். குருதியில் சருக்கரை நாளுக்கு நாள் ஏறிற்று. வாயைக் கட்டவில்லை என்று பெற்ற தாயைக் கடிந்துகொண்டேன். ஆறாம் நாள் அண்டை வீட்டுச் செவிலிப் பெண் வந்து பார்த்து, குழலின் மூடி செம்மஞ்சள் நிறமாய் இருப்பதைக் காட்டினார். அது ஒரு மில்லி இலிட்டரில் 100 அலகு கொண்ட மருந்துக்கு உரிய குழல். நம் குப்பிக்கு உரியது சிவப்பு மூடிக் குழல்.

கணக்கைப் பாருங்கள். 100 கோட்டுக் குழலில் 20ஆம் கோடு என்பது 0.2 மில்லி இலிட்டர். அதில் இருந்த மருந்து 0.2 பெருக்கல் 40, ஆக 8 அலகு. 20 அலகு வேண்டிய உடலுக்கு நான் 8 அலகே கொடுத்திருக்கிறேன். இதனை மறுதலையாய்ச் செய்திருந்தால் என்ன ஆகும்? 100 அலகுக் குப்பியின் மருந்தை 40 கோட்டுக் குழலில் 20ஆம் கோடுவரை இழுத்தால் அது 0.5 மில்லி இலிட்டர். அதாவது 50 அலகு. இரண்டரை மடங்கு! சருக்கரை திடுமெனத் தாழ்ந்து, உறக்கத்திலேயே உயிர் போயிருக்கக்கூடும். இலக்கணம் கற்பிக்கும் நான், எண்ணைப் படித்தேன். எண் எதனைச் சுட்டுகிறது என்று படிக்கவில்லை. தாயைக் கடிந்த நா இன்றும் கூசுகிறது.

தோழர்களே! இலக்கணத்தார் அளவையாகுபெயரை நான்காகப் பகுப்பர். எண்ணலளவை, எடுத்தலளவை, முகத்தலளவை, நீட்டலளவை என்பன அவை. 'இரண்டு கிலோ கொடு' என்று கடையில் கேட்கிறோம். கிலோ என்னும் எடை, அரிசிக்கோ பருப்புக்கோ ஆகிவருகிறது. கடையில் அஃது அழகு. மருந்தில் அதுவே கேடு.

நம் மக்கள் '650 மில்லி மாத்திரை' என்கிறார்கள். 'பாகுமருந்து 5 மில்லி' என்றும் சொல்கிறார்கள். முதல் மில்லி மில்லிகிராம், அஃது எடுத்தலளவை. இரண்டாம் மில்லி மில்லி இலிட்டர், அது முகத்தலளவை. மில்லி என்பது ஆயிரத்தில் ஒரு கூறு என்று மட்டுமே பொருள்படும். எதில் ஆயிரத்தில் ஒரு கூறு என்பதைச் சொல்லாமல் விட்டால், எடையும் முகவையும் ஒன்றாய்க் குழம்பிப்போகும். ஆகவே நான் சொல்லவந்த ஒரே செய்தி இது: மருந்துக்கு ஆகுபெயர் ஆகாது. எண்ணைச் சொன்னால் அளவையையும் முழுமையாய்ச் சொல்லுங்கள்.

இனி நால்வகை அளவையையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவது எண்ணல். எத்தனை மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பது. சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று. பி.டி. என்றால் நாளைக்கு இருமுறை, டி.டி.எசு. என்றால் மும்முறை, இவை இலத்தீனக் குறுக்கங்கள். பின்ன எண்ணில் விழிப்பு வேண்டும். அரையை .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், 0.5 என்றே எழுதுக. ஐந்தை 5.0 என்று எழுதினால் 50 ஆகத் தோன்றும்; 5 என்றே எழுதுக. முந்நூற்றிருபதில் ஒரு கூறுக்கு முந்திரி என்று பெயரிட்டு, எண்சுவடியில் சிறுவர்க்கு மனப்பாடம் செய்வித்த இனம் நாம். ஒரு புள்ளியில் நாம் தடுமாறலாமா?

இரண்டாவது எடுத்தல். இங்கே ஏணி ஆயிரம் ஆயிரமாய் இறங்குகிறது. ஒரு கிலோகிராம் 1000 கிராம். ஒரு கிராம் 1000 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் 1000 நுண்கிராம். பெரியதிலிருந்து சிறியதற்கு வர ஆயிரத்தால் பெருக்குக. சிறியதிலிருந்து பெரியதற்குப் போக ஆயிரத்தால் வகுக்க. தைராய்டு என வழங்கும் கேடயச் சுரப்பியின் குறைக்குத் தரும் மாத்திரை 50 நுண்கிராம் என்றால், அது 0.05 மில்லிகிராம். இதனை 50 மில்லிகிராம் என்று ஏட்டில் எழுதிவைத்தால் ஆயிரம் மடங்கு பிழை.

மூன்றாவது முகத்தல். இங்கேதான் குழந்தைகள் இடருக்கு ஆளாகிறார்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்னும் கணக்கில், வேளைக்கு 150 மில்லிகிராம் பாரசிட்டமால் கொடுக்க மருத்துவர் சொல்கிறார். அம்மருந்து கடையில் மூன்று செறிவில் கிடைக்கிறது. 5 மில்லி இலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள பாகு ஒன்று. அதில் ஒரு மில்லி இலிட்டருக்கு 25 மில்லிகிராம். 150ஐ 25ஆல் வகுக்க, 6 மில்லி இலிட்டர். 5 மில்லி இலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள பாகு மற்றொன்று. அதில் 3 மில்லி இலிட்டர் போதும். ஒரே மில்லி இலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டுமருந்து மூன்றாவது. அதில் ஒன்றரை மில்லி இலிட்டரே. மருந்து ஒன்று, எடை ஒன்று, முகவை மூன்று! 'சென்ற முறை 6 மில்லி கொடுத்தோமே' என்று சொட்டுமருந்தில் 6 மில்லி இலிட்டர் கொடுத்தால், உட்செல்வது 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. அளவு மிகுந்த பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். நான்கு மணி நேரத்துக்குள் மறுவேளை கொடுப்பதும், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கொடுப்பதும் கூடா. சளிக்கென்று தனியே வாங்கும் பாகிலும் இதே மருந்து கலந்திருக்கலாம், பார்த்துக் கொடுங்கள்.

சீட்டில் தேக்கரண்டி என்றிருந்தால் 5 மில்லி இலிட்டர். மேசைக்கரண்டி என்றிருந்தால் 15. நம் அடுக்களைக் கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன. பால் புகட்டும் சங்கும் அப்படியே. பழைய படி ஊருக்கு ஊர் வேறுபட்டதை நம் முதியோர் அறிவர். அக்குழப்பம் மருந்தில் வரவேண்டா. குப்பியோடு வரும் அளவுக்கிண்ணத்தையே பயன்படுத்துங்கள். வயிற்றுப்போக்கிற்குத் தரும் உப்புச் சருக்கரைப் பொதியிலும் இதே எச்சரிக்கை. ஒரு இலிட்டர் நீருக்கான பெரிய பொதியும், 200 மில்லி இலிட்டருக்கான சிறிய பொதியும் விற்கின்றன. பெரியதைப் பிரித்து ஒரு குவளை நீரில், அதாவது 200 மில்லி இலிட்டரில், கரைத்துவிட்டால் ஐந்து மடங்கு உப்பு. நோயைத் தணிக்கவேண்டிய நீர் குழந்தையை மேலும் வாட்டிவிடும்.

நான்காவது நீட்டல். ஊசிக்குழலின் கோடுகளும் கிண்ணத்தின் கோடுகளும் நீளத்தால் அளவைக் காட்டுவன. கிண்ணத்தைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் நேருக்குத் தாழ்த்திப் பாருங்கள். குழலின் கோடு எந்தக் குப்பிக்கு உரியதோ அந்தக் குப்பிக்கே அதனைக் கையாளுங்கள். நான் பட்டது போதும்.

இவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும். மருந்தின் அளவை முடிவுசெய்பவர் மருத்துவர். நாம் செய்வது அவர் சொன்னதைச் சரிபார்ப்பது. கணக்கும் சீட்டும் ஒவ்வாவிடில், மருந்தைக் கொடுக்குமுன் அவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். கேட்பதில் இழுக்கில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். மில்லிகிராம் என்கிறீரே, இதுவா தனித்தமிழ் என்று. இந்த அளவை முறையை 1795இல் சட்டமாக்கிய நாடு பிரான்சு. 1954 வரை நம் ஊரை ஆண்ட அதே நாடு. மில்லி இலத்தீன வழியது, ஆங்கிலத்தின் தனிச்சொத்தன்று. குப்பியில் உள்ள பெயரும் நாம் சொல்லும் பெயரும் பொருந்தவேண்டும். பொருந்தாத புதுச்சொல்லால் ஓர் உயிர் போகுமாயின், அச்சொல்லால் தமிழுக்கு என்ன சிறப்பு? ஆதலின் அலகின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்வோம். ஆனால் ஓரிடத்தில் தமிழே உயிர் காக்கிறது. மி.கி., மை.கி. என்று குறுக்கி எழுதினால் ஒரே ஓர் உயிர்க்குறியில்தான் வேறுபாடு. மில்லிகிராம், நுண்கிராம் என்று முழுதாய் எழுதினாலோ, பார்த்தவுடன் வேறுபாடு தெரிந்துவிடும்.

தோழர்களே! 1823இல் பிரெஞ்சு அரசு புதுவையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதன் வழிவந்ததே 1964இல் தோன்றிய சிப்மர். இரு நூற்றாண்டாய் நம் மண்ணில் மருத்துவக் கல்வி உண்டு. அந்த அறிவு தமிழ்ச் சொல்லாய் வீட்டுக்குள் வந்துசேரவில்லை. ஆயின் அது வரமுடியாததன்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயலார் ஒருவர்க்கு அன்று இயன்றது, நமக்கு இன்று இயலாதா? 2022இல் சிப்மர் அலுவற் பதிவுகளில் இந்தியைப் புகுத்தும் சுற்றறிக்கை வந்தபோது புதுவை கொதித்தெழுந்தது. எழுந்தது முறையே. ஆனால் மருந்துச் சீட்டில் தமிழ் இல்லாமை நாள்தோறும் நிகழ்கிறதே, அதற்கு எப்போது எழப்போகிறோம்?

1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் புதுவையில் தமிழுக்கு இடம் தந்துள்ளது. அதன் பெயரால் நாம் கேட்பது பெரிதன்று. அரசு மருந்தகம் தரும் ஒவ்வொரு மருந்தோடும் நான்கு வரித் தமிழ்ச்சீட்டு: மருந்தின் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், அஃது எத்தனை மாத்திரை அல்லது எத்தனை மில்லி இலிட்டர், எத்தனை மணிக்கு ஒருமுறை. இந்த நான்கு வரிக்காக நாம் விண்ணப்பம் எழுதுவோம், கையொப்பம் திரட்டுவோம், மருந்தகத்தின் வாயிலில் நின்று கேட்போம்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டா. நம்முள் ஆசிரியர் பலர் உளர். உங்கள் தெருவில் மருந்துக் குப்பி இருக்கும் வீடுகளுக்குச் செல்லுங்கள். அந்த நான்கு வரியையும் தெளிந்த தமிழில் எழுதி, மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டு, ஐயமிருப்பின் மருந்தாளுநரிடம் காட்டிச் சரிபார்த்தபின் குப்பியில் ஒட்டிக் கொடுங்கள். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கும் நாம், தமிழால் ஒரு பாட்டியின் கை தவறாமல் காத்தோம் என்றால், அதனினும் பெரிய தமிழ்த்தொண்டு எது? நாளைக் காலை என் தாயார்க்கு ஊசி போடுமுன், குழலின் மூடியையும் குப்பியின் எண்ணையும் நான் வாய்விட்டுத் தமிழில் படிப்பேன். நீங்களும் படியுங்கள்.

உழைச்செல்வான் வாழ்க! வெல்க தமிழ்!