ராமானுஜனுக்குத் தப்பிய ஓர் எண்

(பொம்மனஹள்ளியில் உறுப்பினர்கள் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



போன டிசம்பர் 22 அன்று ராமானுஜனின் பெருமைகளைப் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தாத்தா, அவர் தப்பே பண்ணினதில்லையா?" என்றான். "மகான்களைப் பத்தி அப்படியெல்லாம் கேக்கப்படாது" என்று அதட்டிவிட்டேன். அதற்குப் பிராயச்சித்தம்தான் இன்றைய பேச்சு.

4 என்ற எண்ணைக் கூட்டல்களாக எத்தனை விதத்தில் எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 5க்கு ஏழு விதம். 100க்கோ 19,05,69,292!

மக்மஹோன் என்ற ராணுவ மேஜர் 200 வரைக்கும் இதைக் கையாலேயே கணக்கிட்டார். அந்த அட்டவணை 1918இல் ஹார்டி, ராமானுஜன் இருவரின் கட்டுரையோடு வெளிவந்தது. எல்லோரும் இலக்கங்களைப் பார்த்தார்கள். ராமானுஜன் ஒழுங்கைப் பார்த்தார். 4, 9, 14க்கு விடை 5, 30, 135. எல்லாமே 5ஆல் வகுபடும். 5, 12, 19க்கு 7, 77, 490. எல்லாமே 7ஆல் வகுபடும். 47க்கு 1,24,754. அது 49ஆலும் வகுபடும்.

இதிலிருந்து 5, 7, 11 ஆகியவற்றின் எல்லா அடுக்குகளுக்கும் ஒரு பொது விதியை 1919இல் ஊகமாகச் சொன்னார். ஓர் எண்ணை 24ஆல் பெருக்கி, அந்த அடுக்கால் வகுத்து மீதி 1 வந்தால், அந்த எண்ணுக்குரிய விடை அதே அடுக்கால் மீதியின்றி வகுபடும் என்பது அது.

7இன் மூன்றாம் அடுக்கு 343. விதியைச் சோதிக்க வேண்டிய முதல் எண் 243. அட்டவணையோ 200உடன் நின்றுவிட்டது! 1920இல், 32 வயதில், அவரும் போய்விட்டார்.

பிறகு நம் நாட்டவரான ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். அதில் 243க்கு எதிரே இருந்த எண் 13,39,78,25,93,44,888. இதை 7ஆல் வகுக்கலாம். வந்த ஈவையும் 7ஆல் வகுக்கலாம். மூன்றாவது முறை மீதி 5 நிற்கிறது! 1934இல் இதை எடுத்துக்காட்டியவர் எஸ். சௌலா. அவரும் இந்தியரே.

விதி பாழாகிவிட்டதா? இல்லை. 5க்கு அது அப்படியே சரி என்றும், 7க்குச் சிறு திருத்தம் போதும் என்றும் வாட்சன் 1938இல் நிரூபித்தார். 11க்கும் சரியென்று 1967இல் அட்கின் காட்டினார்.

சௌலா மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தத் திருத்தம் எப்போது வந்திருக்குமோ! ராமானுஜனைப் படத்துக்கு மாலை போட்டு மட்டும் வைத்திருந்தால் நமக்கு அவர் பயன்பட மாட்டார்.

பேரனிடம் போன வாரம் அந்த எண்ணைக் கொடுத்தேன். பேப்பரில் மூன்று தரம் வகுத்துவிட்டு, "மீதி அஞ்சு, தாத்தா" என்றான். "ஆமாம்டா கண்ணா, நீ கேட்டது சரியான கேள்வி" என்றேன். உங்கள் வீட்டுக் குழந்தைகளும் கேட்கட்டும், தயவுசெய்து அதட்டாதீர்கள்.