மொந்தல்பானோ ஏன் ஊரை விட்டுப் போகவில்லை?



துப்பறியும் தொடர் என்றால் நேயர்களின் மனத்தில் எழும் முதல் கேள்வி, கொலையாளி யார் என்பதுதான். விடை கிடைத்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போய்விடலாம். ஆனால் முன்கதைத் தொடர்களுக்கு அந்த ஒரு கேள்வி போதாது. நாயகனுக்கு ஒன்றும் ஆகாது என்பது தெரியும். அவர் எந்த ஊரில் வேலை பார்ப்பார், யாரைக் காதலிப்பார் என்பதும் தெரியும். எல்லாம் ஏற்கெனவே திரையில் பார்த்ததுதான். முடிவு தெரிந்த கதையை எதற்காகப் பார்ப்பது?

இது தமிழர்களுக்குப் புதிய கேள்வி அன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டு, மதுரை தீப்பற்றிய பிறகுதான் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி அவனது முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. நடந்தது என்ன என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் நடந்தது என்பது மட்டும்தான் மிச்சம். நல்ல முன்கதையின் வேலையும் அதுதான். இத்தாலியின் 'இளம் மொந்தல்பானோ' தொடர் அந்த வேலையை எப்படிச் செய்தது என்பதே இந்த உரையின் பொருள்.

கதையின் ஊற்று

சால்வோ மொந்தல்பானோ என்ற காவல்துறை அதிகாரியைப் படைத்தவர் ஆந்த்ரேயா காமில்லேரி. 1925-இல் சிசிலித் தீவின் தென்கரையில் உள்ள போர்த்தோ எம்பெதோக்ளே என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். எழுத்தாளராகப் புகழ் பெறுவதற்கு வெகுகாலம் முன்பே நாடக இயக்குநராகவும் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் பணியாற்றியவர். பிரெஞ்சுத் துப்பறிவாளர் மெக்ரேயின் கதைகளை 1960-களில் இத்தாலியத் தொலைக்காட்சி தொடராக எடுத்தபோது, தயாரிப்புப் பொறுப்பில் இருந்தவர் அவர். துப்பறியும் கதையை எப்படிக் கட்டுவது என்பதை அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அது.

முதல் மொந்தல்பானோ நாவல் 1994-இல் வெளிவந்தது. அப்போது காமில்லேரிக்கு வயது 68. ஓய்வு பெற்று வீட்டில் இருக்க வேண்டிய வயதில் அவருடைய உண்மையான ஓட்டம் தொடங்கியது. விகாத்தா என்று அவர் எழுதிய கற்பனை ஊர், அவர் பிறந்த ஊரின் சாயல் கொண்டது. 2003-இல் போர்த்தோ எம்பெதோக்ளே நகராட்சியே தன் பெயரோடு 'விகாத்தா' என்பதையும் சேர்த்துக்கொண்டது. 2009-இல் அது நீக்கப்பட்டது.

1999-இல் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய், இந்தக் கதைகளைப் படமாக்கத் தொடங்கியது. நாயகனாக நடித்த லூக்கா சிங்கரெத்தி, நாடகப் பள்ளியில் காமில்லேரியிடம் படித்த மாணவர். 2021 வரை 37 படங்கள் ஒளிபரப்பாயின. வழுக்கைத் தலை, முன்கோபம், சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது என்ற பிடிவாதம், விடிந்ததும் கடலில் நீச்சல். இத்தாலியில் வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதராக ஆகிவிட்டார் மொந்தல்பானோ.

இளமைக்குத் திரும்பிய கதை

இப்படி ஒருவர் மக்கள் மனத்தில் இடம்பிடித்திருக்கும்போது வேறொரு நடிகரை அழைத்துவந்து, "இவர்தான் அவர், இருபது வருடங்களுக்கு முன்பு" என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 2012-இல் ராய் அந்தத் துணிச்சலைக் காட்டியது. இளம் மொந்தல்பானோவாக வந்தவர் மிக்கேலே ரியோந்தினோ. இயக்கியவர் ஜியான்லூக்கா மரியா தவரெல்லி. திரைக்கதையில் காமில்லேரியே பங்கெடுத்துக்கொண்டார். 2012-இல் ஆறு, 2015-இல் ஆறு என மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு முழுநீளப் படம்.

ரியோந்தினோ, சிங்கரெத்தியைப் போல நடித்துக் காட்டவில்லை. சுருட்டை முடியும் தாடியுமாக வந்து, அந்தக் கோபத்துக்கும் பிடிவாதத்துக்கும் தம் வழியில் உயிர் கொடுத்தார்.

முதல் பகுதியில் அவர் மஸ்கலிப்பா என்ற மலையூரில் துணை அதிகாரி. கடற்கரையில் வளர்ந்தவருக்கு மலைக்காற்று ஒத்துவரவில்லை. பதவி உயர்வும் மாற்றல் உத்தரவும் வருகின்றன. போக வேண்டிய இடம் விகாத்தா. கடலைக் கண்டதும் அவர் முகம் மாறுவதிலேயே பாதிக் கதை புரிந்துவிடும்.

அதன் பிறகு பழைய தொடரின் மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். விசுவாச உதவியாளர் ஃபாட்சியோவுக்கு முன் அதே நிலையத்தில் அவருடைய தந்தை பணியாற்றியது இங்கேதான் தெரிகிறது. புதிய அதிகாரிக்கு ஊரின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொடுப்பவர் அந்தப் பெரியவரே. பெயர்களையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொல்லிக் குழப்பும் கத்தரெல்லா வருகிறார். பெண்களைக் கண்டால் வழியும் துணை அதிகாரி மிமி வருகிறார். வீட்டு வேலைக்கு வந்து வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடும் அதெலினாவும் வருகிறார். அவருடைய மகன்கள் போலீசாரிடம் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சில்லறைத் திருடர்கள். பிள்ளையைப் பிடித்துச் சிறையில் போட்ட கையே அந்தத் தாயின் சோற்றையும் உண்கிறது. காமில்லேரியின் சிசிலி அப்படிப்பட்டது. அங்கே சட்டமும் உறவும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்.

இவை எல்லாம் ரசிகர்களுக்கு இனிமையான அறிமுகங்கள். இத்தோடு முடிந்திருந்தால், பழைய நண்பரின் இளமைக்காலப் புகைப்படங்களைப் புரட்டிப் பார்த்த திருப்தி மட்டுமே மிஞ்சியிருக்கும். தொடரை அதற்கு மேலே கொண்டுபோனவர் லிவியா.

லிவியாவின் கேள்வி

லிவியா வடஇத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பெண். பழைய தொடரில் இவருக்கும் மொந்தல்பானோவுக்கும் உள்ள காதல் பெரும்பாலும் தொலைபேசியில்தான் நடக்கும். இரவில் அழைப்பார்கள், கொஞ்சுவார்கள், சண்டை போடுவார்கள், படாரென்று வைத்துவிடுவார்கள். வருடக்கணக்காக இதே கதை. திருமணம் மட்டும் நடப்பதே இல்லை. இவர் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்காத ரசிகர் இல்லை. பொறுப்பைக் கண்டு ஓடும் ஆண்மகன் என்று பலர் முடிவு கட்டியும் விட்டார்கள்.

முன்கதை இந்த முடிவைத்தான் அசைத்துப் பார்க்கிறது. இளம் மொந்தல்பானோ போகத் தயாராகத்தான் இருந்தார். ஜெனோவாவுக்கு மாற்றல் பெற்று, லிவியாவோடு புது வாழ்க்கை தொடங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். சிசிலியை விட்டுப் புறப்பட வேண்டியதுதான் பாக்கி. 2015-இல் ஒளிபரப்பான கடைசிப் பகுதி அங்கே வந்து நிற்கிறது. திரையில் நடக்கும் காலம் 1992, மே மாதம்.

சிசிலி மறக்காத நாள்

1992 மே 23, சனிக்கிழமை. மாஃபியாவை எதிர்த்துப் போராடிய நீதித்துறை அதிகாரி ஜொவான்னி ஃபால்கோனே, ரோமிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, பலெர்மோ நகரை நோக்கிக் காரில் போய்க்கொண்டிருந்தார். கபாச்சி என்ற ஊரின் அருகே நெடுஞ்சாலைக்கு அடியில் புதைத்து வைத்திருந்த சுமார் 500 கிலோ வெடிமருந்து வெடித்தது. ஃபால்கோனேயும், நீதித்துறையில் பணியாற்றிய அவருடைய மனைவி பிரான்செஸ்காவும், மூன்று மெய்க்காவலர்களும் மாண்டார்கள். 57 நாட்கள் கழித்து, ஜூலை 19-இல், அவருடைய நண்பரும் சக அதிகாரியுமான பாவோலோ போர்செல்லினோவும் ஐந்து காவலர்களும் பலெர்மோவில் குண்டுக்குப் பலியானார்கள்.

இந்த இருவரின் உழைப்பால்தான் 1986-இல் மாஃபியாவின் மீது மாபெரும் வழக்கு தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 475 பேர். 1987-இல் 338 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. மாஃபியா பழிதீர்க்க எடுத்துக்கொண்ட காலம் நான்கே மாதம்.

ஃபால்கோனே 1991-இலேயே சிசிலியை விட்டு ரோமில் நீதி அமைச்சின் பணிக்குப் போய்விட்டவர். வாரக் கடைசியில் சொந்த ஊருக்குத் திரும்பிய வழியில்தான் அவரைக் கொன்றார்கள்.

அந்தச் செய்தி மொந்தல்பானோவையும் எட்டுகிறது. அவர் போகவில்லை. தங்கிவிடுகிறார்.

காமில்லேரியின் கதைகளில் மாஃபியா பெரும்பாலும் பின்னணியில்தான் இருக்கும். குற்றவாளிகளை வீரர்களாகக் காட்டிவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். பொறாமை, பணம், குடும்பப் பகை என்று மனிதர்களின் சாதாரணக் குற்றங்களையே அதிகம் எழுதினார். அப்படிப்பட்ட கற்பனை ஊருக்குள் உண்மை வரலாறு கதவைத் தட்டாமல் நுழையும் இடம் இது. அதனால்தான் அந்த முடிவு நேயர்களை உலுக்குகிறது.

கணக்குப் பார்க்கும் ரசிகர்கள் இங்கே ஒரு குறை சொல்லலாம். நாவல்களின்படி மொந்தல்பானோ 1950-இல் பிறந்தவர். 1992-இல் அவருக்கு 42 வயது ஆகியிருக்க வேண்டும். திரையில் இருப்பவரோ முப்பதை ஒட்டிய இளைஞர். கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இளைஞராக இருப்பதால்தான் அந்த முடிவின் பாரம் கூடுகிறது. முழு வாழ்க்கையும் முன்னால் இருக்கும்போது எடுத்த முடிவல்லவா அது?

யார் கொடுத்த விலை?

தங்கிவிட்ட அதிகாரியைப் பாராட்டுவது எளிது. அந்தப் பாராட்டில் லிவியாவை மறந்துவிடக் கூடாது. ஊருக்காக ஒருவர் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தவர் இன்னொருவர். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 2021 வரை நீண்ட அந்தத் தொலைபேசிச் சண்டைகளை முன்கதைக்குப் பிறகு மறுபடியும் பார்ப்பவர்களுக்கு முன்போல் சிரிப்பு வராது. ஒவ்வோர் அழைப்பும் அந்த மே மாதத்துக்குக் கட்டும் வட்டியாகத் தெரியும்.

இருபது வருடத் தொடர் ஒன்றின் பொருளையே பன்னிரண்டு பகுதிகள் மாற்றிவிட்டன. புகழ் பெற்ற பெயரை வைத்து இன்னும் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று எடுக்கப்படும் முன்கதைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

காமில்லேரி 2019 ஜூலையில், 93 வயதில் ரோமில் காலமானார். நல்லவர்கள் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது சிசிலியின் கேள்வி மட்டும் அன்று. கொலையாளி யார் என்ற கேள்விக்கு இரண்டு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். இந்தக் கேள்வியை நேயர்கள் தங்கள் வீட்டில், தங்கள் ஊரில், தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.