"அவங்க பழக்கமே அப்படித்தான்" என்று சொல்லலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப் போவது புகையிலை பற்றி. அது கெடுதல் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பீடிக் கட்டிலேயே படம் போட்டிருக்கு. ஆனால் ஒரே நாட்டில் ஒரு சமூகத்தாரிடம் மட்டும் இந்தப் பழக்கம் அதிகமாக இருப்பது ஏன்? "அவங்க பழக்கமே அப்படித்தான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது சரிதானா?

நியூசிலாந்து நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வருபவர்கள் மாவோரி மக்கள். இன்று அந்த நாட்டில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் மாவோரி. 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 100 பேரில் 21 பேர் புகை பிடித்தார்கள். மாவோரி மக்களில் 42 பேர். அதிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்! நுரையீரல் புற்றுநோயும் அந்தப் பெண்களிடம் மிக அதிகம்.

அது அவர்களின் பிறவிக் குணமா? இல்லைங்க. 1769-இல் கேப்டன் குக் கப்பலில் வரும்வரை அவர்களுக்குப் புகையிலை என்றால் என்னவென்றே தெரியாது. 1840-இல் வைதாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தலைவர்களுக்குக் கம்பளியோடு புகையிலையும் கொடுத்தார்கள். பிறகு நிலம் பறிபோனது. பிழைப்புக்காக நகரத்துக்குப் போய்க் குறைந்த கூலிக்கு உழைத்தார்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லோரும் பிடிக்க, பிள்ளைகளும் பார்த்துப் பழகினார்கள்.

அதைக் குறைத்ததிலும் அவர்களின் பங்கு பெரியது. 2000-ஆம் ஆண்டையொட்டி மாவோரி அமைப்புகள் பெண்களுக்காகவே ஒரு திட்டம் நடத்தின. சொந்த சனமே வீடு தேடிப் போய், வீட்டாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார்கள். நிகோடின் பட்டையும் சூயிங்கமும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒருவர் விட்டிருந்தார். 2010 முதல் 2020 வரை அரசும் ஆண்டுதோறும் வரியை ஏற்றியது. 2023-24 ஆய்வில், தினமும் பிடிப்பவர்கள் நாடு முழுவதும் 100-க்கு 7 பேர். மாவோரி மக்களில் 15 பேர். பழக்கம் நன்றாகக் குறைந்திருக்கு. ஆனாலும் இன்னும் இரண்டு மடங்கு. வறுமை தீராமல் அந்த வித்தியாசம் முழுசாகப் போகாது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். புகையிலை போடுகிற உறுப்பினருக்கு அபராதம், உள்கடன் கிடையாது என்று தீர்மானம் போட வேண்டும் என்று சில குழுக்கள் கேட்டிருக்கின்றன. இதில் அடிபடப் போவது பெரும்பாலும் மலைக்கிராமத்து அக்காமார்கள்தான். நம் நாட்டு ஆய்வுகளிலும் பழங்குடி மக்களிடம் புகையிலைப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகமாகவே தெரிகிறது. விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள், பசி தெரியாமலிருக்க வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள். அபராதம் போட்டால் விடமாட்டார்கள், மறைப்பார்கள். மறைத்தால் வாயில் வந்த புண்ணையும் யாரிடமும் காட்டமாட்டார்கள். உள்கடனை நிறுத்தினால் கந்துவட்டிக்குப் போவார்கள். இந்தத் தீர்மானம் வேண்டாம் என்று களப்பணியாளர்களாகிய நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

பதிலாக மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று: வாயில் புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால், குழுவில் ஒருவர் துணைக்குப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும்.

இரண்டு: இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து விடுவோம். ஒருத்தர் தடுமாறினால் மற்றவர் பிடித்துக்கொள்ளலாம். தினம் 10 ரூபாய் மிச்சமானால் வருஷத்துக்கு 3,650 ரூபாய். அதைக் குழுவிலேயே சேமிக்கலாம். வீட்டில் ஆண்கள் பீடி பிடித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1800-11-2356 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

மூன்று: மலைக்கிராமத்தில் இதைப் பற்றிப் பேசப் போவது நாங்களாக இருக்கக் கூடாது. அந்தக் குழுக்களின் பிரதிநிதிகளே பேசட்டும். நாங்கள் கூட நிற்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் இதைப் பேசி முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எடுத்து வாருங்கள்.