அரிக்கமேடு: மணி துளைத்த கைகள்

(தவளக்குப்பத்தில் நண்பர்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நாம் இருபது பேர் இங்கிருந்து கடலூர் ரோடு வழியாக அரியாங்குப்பம் போய், காக்காயந்தோப்பில் இறங்கி அரிக்கமேடு வரைக்கும் நடந்தோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றங்கரையில் மாமரமும் தென்னையும் அடர்ந்த ஒரு மேடு. நடுவில் இடிந்த செங்கல் தூண்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள், ரோமாபுரிக்காரன் கட்டினது என்று நினைத்துக்கொண்டு! அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் இருந்த இடம். நம்ம சங்கதி காலுக்குக் கீழே கிடக்கிறது.

தோப்பு மாதிரி இருக்கிறதே தவிர அது ஒரு தொழிற்கூடம். கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனையை மழுக்கி மணியாக்கினார்கள். சூதுபவளத்தையும் பளிங்கையும் தீட்டித் துளை போட்டார்கள். அந்த வகைக் கண்ணாடி மணிகள் கிழக்கே தென்கிழக்காசியா முழுக்கக் கிடைக்கின்றன. 'இந்தோ-பசிபிக் மணி' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர் பீட்டர் பிரான்சிஸ். இங்கேதான் செய்தார்கள் என்பது எப்படித் தெரிந்தது? அழகான மணியை வைத்து அல்ல. மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். பாதி துளைத்து உடைந்த கல், உருகிக் கட்டிப்போன கண்ணாடி, வெட்டி எறிந்த துண்டு, இந்தக் குப்பைதான் சாட்சி. தொழிலாளி கை தவறி உடைத்தது இரண்டாயிரம் வருஷம் கழித்து அவனுக்காகப் பேசுகிறது. அவளுக்காகவும் இருக்கலாம்.

1930களில் ழுவோ துப்ராய் இங்கே கற்களைச் சேகரித்தார். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்ததையும் வாங்கினார். அகஸ்டஸ் முகம் என்று அவர் சொன்ன கல்லும் அதோடு சேர்ந்ததுதான். பிறகு 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். மதுச்சாடி, அரிட்டைன் ஓடு கிடைத்ததும் இது 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' ஆகிவிட்டது. மீன் பிடித்து ஏதோ பிழைத்துக்கொண்டிருந்த எளிய ஜனங்கள், திடீரென்று மேற்கேயிருந்து நாகரிகம் கப்பலில் வந்து இறங்கியது என்கிற மாதிரி அவர் எழுதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, அது போன பிறகும் ஊர் தொடர்ந்தது என்று தெரிந்தது.

நான் பேங்க்ல வேலை பார்க்கிறவன். வரவும் பற்றும் சேர்ந்தால்தான் எனக்குக் கணக்கு. அரிக்கமேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரோமிலிருந்து வந்த சாடியைத்தான் எண்ணுகிறார்கள். அந்தச் சாடிக்கு ஈடாக இங்கிருந்து எத்தனை பேருடைய கண்பார்வை போயிற்று என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நடந்து வரும்போது கல்லூரி மாணவர் ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, இங்க சேரி எந்தப் பக்கம் இருந்துச்சு?" எல்லாரும் சிரித்தோம். ஆனால் சிரிக்கிற கேள்வி இல்லை அது. ஒரு இடத்தில் கிடங்கு, இன்னொரு இடத்தில் சாயத்தொட்டி என்று வீலர் ஊகித்தார். மணி செய்தவர்கள் எங்கே படுத்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பது அந்தக் கேள்விகளில் இல்லை. கேட்காத கேள்விக்கு மண் பதில் சொல்லாது.

அதே சமயம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் நம் சாதிதான் என்று மார்தட்ட நான் தயாரில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாமல் ஆண்ட பரம்பரைக் கதை விடுவதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அந்த வேலை நமக்கு வேண்டாம். 'அருகன் மேடு' என்று சொல்லிப் பவுத்தத்தோடு இணைக்கிறவர்களும் உண்டு. பெயரை வைத்து மட்டும் எனக்கு அது போதவில்லை. சூளைக்கு முன்னால் உட்கார்ந்த கை, சாதி எதுவானாலும், கூலிக் கை. அந்த இடத்திலிருந்து பேசுவோம்.

நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. தோண்டிய துரைகளின் பெயர் தெரியும். கூடையில் மண் சுமந்தவர் பெயர் யாருக்குத் தெரியும்? 1945க்கு ஆள் கிடைப்பது கஷ்டம். 1989இல் கூலிக்குப் போனவர்கள் காக்காயந்தோப்பிலோ வீராம்பட்டினத்திலோ இன்னும் இருக்கலாம். என்ன கூலி, எவ்வளவு ஆழம், எதைப் பார்த்தார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுவோம். அடுத்த நடைக்கு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு வாங்க. மணி கிடந்தா பொறுக்காதீங்க, அங்கேயே இருக்கட்டும்.