திடலின் சாவி யாரிடம் இருக்கும்?

(கிராமப்புற இளைஞர்களுக்கான படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கிராமத்தில் டென்னிஸ் மன்றம் தொடங்குவது எப்படி?’ என்று தலைப்பை அறிவித்ததும் சிலர் சிரித்தீர்கள். தெருக்குழாய்க்கே மனு எழுதிக்கொண்டிருக்கும் ஊரில் டென்னிஸா என்பதுதானே அந்தச் சிரிப்பு? ஆனால் டென்னிஸ் பந்து நமக்குப் புதிதல்ல. நம் காலனிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதே பெரும்பாலும் அந்தப் பந்தில்தான். பந்து நம் தெரு வரைக்கும் வந்துவிட்டது. மட்டையும் வலையும் நகரத்துக் கிளப்போடு நின்றுவிட்டன. விம்பிள்டன் அரையிறுதிக்கு 1960, 1961 என்று இரண்டு முறை போன ராமநாதன் கிருஷ்ணன் தமிழ்நாட்டுக்காரர். 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் சென்னையில் உலகத் தரப் போட்டி நடந்தது. அப்படியிருந்தும் இந்த ஆட்டம் செங்கல்பட்டைத் தாண்டி ஒரு கிராமத்துக்குள் நுழையவில்லை என்றால், அதற்குப் பணம் மட்டும் காரணமல்ல.

நான் கிராமப் பொதுநிலங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதற்காகப் போய்வரும் வட மாவட்டக் கிராமம் ஒன்றில், காலனியைச் சேர்ந்த தம்பி ஒருவர் நகரத்துக் கிளப்பில் மார்க்கராக வேலை செய்கிறார். உறுப்பினர்களுக்கு எதிரே நின்று பந்தடித்துக் கொடுப்பது அவர் வேலை. அங்கே அவரளவுக்கு ஆடக்கூடியவர்கள் சிலர்தான். ஆனால் அவர் அங்கே உறுப்பினராக முடியாது. உறுப்பினர்கள் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் சேர்த்து ஊருக்குக் கொண்டுவந்து, “அக்கா, நம்ம ஊர்ல ஒரு கோர்ட் போடணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டார். அதற்காக நாங்கள் உட்கார்ந்து எழுதிய திட்டம்தான் இன்றைய பேச்சு.

அந்தத் தம்பிக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பல்வாங்கர் பாலு. 1876இல் தார்வாடில், தோல் தொழில் செய்யும் ‘தீண்டத்தகாத’ சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் வலை கட்டுவதும் ஆடுகளத்தை உருட்டிச் சமன் செய்வதும் அவர் வேலை. டென்னிஸ் களத்துக்குக் கோடு போடவும் கூப்பிடுவார்கள். துரைமார்கள் பயிற்சி செய்ய மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்க விட்டதில்லை. அவர் திறமை தெரிந்து இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தவருக்கு இந்து அணியின் தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிடைத்தது.

பாலுவின் கதையிலிருந்து திட்டமிடுபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. களத்துக்குள் விடுவது வேறு, களத்தை நடத்தும் உரிமை வேறு. முதலாவதைத் திறமை சில சமயம் வாங்கிக் கொடுக்கும். இரண்டாவதை விதி எழுதித்தான் வாங்க முடியும்.

முதலில் நிலம். டென்னிஸ் ஆடுகளத்தின் கோடுகளுக்குள் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். ஓடியாட ஓரங்களையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. நம் கணக்கில் பதினாறரை சென்ட். நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் காலையிலும் மாலையிலும் ஒருவர் கண்ணில் வெயில் அடிக்கும். பதினாறரை சென்ட் எந்த ஊரிலும் கிடைக்கும். அது எந்தப் பக்கத்தில் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல்.

எங்களுக்கு முதலில் வந்தது ஊர்க்காரர்களின் யோசனை. கோயிலை ஒட்டிய நிலத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல செம்மண், மேடான இடம், வேப்பமர நிழல். பிள்ளைகள் உடனே சரி என்று தலையாட்டினார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டிதான் கேட்டார்: “ஷூ போட்டு ஆடுற ஆட்டம்ங்கிறீங்க. அந்தத் தெரு வழியா ஷூ போட்டுக்கிட்டுப் போவீங்களா, கையில தூக்கிக்கிட்டுப் போவீங்களா?” யாரும் பேசவில்லை. திருவிழா நாட்களில் திடலை யார் மூடுவது, யார் திறப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கோயில் நிலத்துக்குள் போனால் கோயிலின் முதல் மரியாதைத் தகராறும் களத்துக்குள் வரும். அந்த இடம் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது யோசனை நம் பிள்ளைகளுடையது. “நம்ம காலனிக்குப் பின்னாலேயே போட்டுக்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம்.” இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் வெள்ளையர்களின் டென்னிஸ் சங்கம் கதவை மூடியபோது, கறுப்பின மக்கள் 1916இல் தங்களுக்கென்று ‘அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் ஆடிக்கொண்டிருந்த ஆல்தியா கிப்சன் என்ற சிறுமிக்கு, அக்கம்பக்கத்தார் பணம் திரட்டி, கறுப்பினத்தவர் நடத்திய மன்றத்தில் உறுப்பினர் கட்டணம் கட்டினார்கள். அவர்தான் 1957இல் விம்பிள்டனை வென்ற முதல் கறுப்பினப் பெண். சொந்த மன்றம் இல்லாமல் கிப்சன் இல்லை. ஆனால் சொந்த மன்றத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1950இல் அமெரிக்கத் தேசியப் போட்டியின் கதவும் அவருக்குத் திறக்கும்வரை தட்டினார்கள்.

நம் நிலைமையில் இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் கேட்பது தனியார் கிளப்பில் இடமல்ல. அரசு நிலம், ஊராட்சிப் பணம். அதில் ஒதுங்கிக்கொண்டால் ‘காலனி கோர்ட்’ என்று பெயர் வைத்துவிட்டு, நல்ல திடலை அடுத்த ஆண்டு ஊருக்குள் போட்டுக்கொள்வார்கள். இரட்டைச் சுடுகாடு, இரட்டைத் தண்ணீர்த் தொட்டி வரிசையில் இரட்டைத் திடலும் சேரும்.

ஆகவே மூன்றாவது இடம். பள்ளிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருக்கும் புறம்போக்கு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் யார் வீட்டு வாசலையும் தாண்டாமல் வந்து சேரலாம். அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தோம். நீர்நிலையாக இருந்தால் தொடக்கூடாது. இது தரிசு. ஆனால் பதிவேட்டில் தரிசாக இருப்பது தரையில் ஒருவரின் வைக்கோல் போராகவும் டிராக்டர் நிறுத்துமிடமாகவும் இருக்கிறது. அந்த வைக்கோல் போர் இன்னும் நகரவில்லை. அதை நகர்த்தத்தான் கிராம சபை. நிலம் ஊராட்சியின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும், மன்றத்தின் பெயருக்குப் போகக்கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறோம். மன்றத்தை நாளை யாரும் கைப்பற்றலாம். பொது இடத்தைக் கைப்பற்றுவது அதைவிடக் கடினம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பொதுப் பொழுதுபோக்கிடம் எது என்று விளக்கும்போது ஆட்டத்தையும் விளையாட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பட்டியல் சாதியினர் பொது இடத்தில் நுழைவதைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் மகத்தை மறக்க வேண்டாம். சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக மகத் நகராட்சி தீர்மானம் போட்டது 1924இல். பாபாசாகேப் மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20 அன்று. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது.

அதனால்தான் மண்ணைச் சமன் செய்வதற்கு முன்பே துணை விதிகளை எழுதினோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். விதிகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

ஊராட்சியில் குடியிருப்பவர் எவரும் உறுப்பினர். முன்மொழிபவர், வழிமொழிபவர் கிடையாது. பழைய கிளப்புகள் ஆட்களை வடிகட்டியதே அந்த வழியில்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ஒன்பது பேர் கொண்ட குழு. அதில் ஐவர் பெண்கள். குறைந்தது ஐவர் பட்டியல் சாதியினர். செயலாளரும் பொருளாளரும் ஒரே தெருவாக இருக்கக்கூடாது. ‘விளையாட்டில் எதற்கு இட ஒதுக்கீடு?’ என்று கேட்பார்கள். ஆடும் இடத்தை யாரும் ஒதுக்கவில்லை, நடத்தும் பொறுப்பைத்தான் பங்கிடுகிறோம் என்று சொல்லுங்கள்.

வேலி வேண்டும், இல்லையென்றால் பந்து சாலைக்குப் போகும். வேலி என்றால் பூட்டு, பூட்டு என்றால் சாவி. 2024இல் தமிழ்நாடு அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்புகளைக் கொடுத்தது. உங்கள் ஊருக்கு வந்த தொகுப்பு இப்போது யார் வீட்டில் இருக்கிறது? யோசித்துப் பாருங்கள். எங்கள் விதிப்படி மூன்று சாவிகள். ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, காலனியில் ஒன்று, பெண் உறுப்பினர் ஒருவரிடம் ஒன்று.

இரட்டையர் ஆட்டத்துக்கு ஜோடியைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். ‘ப்ளூ ஸ்டார்’, ‘லப்பர் பந்து’ பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீருக்கு ஒரே பானை, ஒரே டம்ளர். சட்டையில் தலைவர் படமோ சாதி நிறமோ கூடாது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. பள்ளிக்குச் சரி என்றால் திடலுக்கும் சரி. நன்கொடை தருபவர் பெயர் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், சுவரில் இருக்காது. வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு டியூப்லைட்டில் உபயம் எழுதும் ஊர்கள் நம்முடையவை.

பராமரிப்பு விதியைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். செம்மண் களத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், உருளை போட வேண்டும், சுண்ணாம்பால் கோடு இழுக்க வேண்டும். இது அன்றாட வேலை. இதை யார் செய்வது என்று எழுதாமல் விட்டால், யார் செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் ஊர்களில் எத்தனையோ திடல்களைச் சமன் செய்தது நூறுநாள் வேலைக்குப் போன நம் அம்மாக்கள். அவர்கள் அங்கே விளையாடிப் பார்த்திருக்கிறோமா? எங்கள் விதி: ஆடுகிற எல்லோருக்கும் முறை வைத்து உருளை. முறை தவறினால் அந்த வாரம் ஆட்டம் இல்லை. ஊர்த்தலைவர் மகனானாலும் சரி.

பிள்ளைகளுக்கு முழுக் களம் தேவையில்லை. மெதுவாக எழும்பும் சிவப்புப் பந்தில், 36 அடி நீளச் சிறு களத்தில் தொடங்கலாம். பத்து வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளுக்கு 2012 முதல் சர்வதேச விதியே மெதுவான பந்துதான். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் நம் மார்க்கர் தம்பியும் சேர்ந்து கற்றுக்கொடுப்பார்கள். கிளப்பில் பந்தடித்துக் கொடுப்பவர் இங்கே பயிற்சியாளர்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. ஊர்ப் பெண்ணும் காலனிப் பையனும் ஒரே களத்தில் ஆடினால் என்ன ஆகும்? 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டது, தன்னோடு படித்த பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததற்காக. அந்த அச்சம் நம் தாய்மார்களின் வயிற்றில் இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகப் பெண் பிள்ளைகளை வெளியே நிறுத்தித் திடலைத் ‘தகராறு இல்லாமல்’ நடத்தலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படி நடத்தினால் திடலுக்கும் விதி எழுதுவது சாதிதான். சாலையோரம், எல்லோர் பார்வையிலும் இருக்கும் இடம், ஆசிரியர் இருக்கும் நேரம், தாய்மார்களும் வந்து உட்காரத் திண்ணை, மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் புகார். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இவ்வளவும் திட்டத்திலேயே இருக்கிறது. பெண்களை நீக்குவது அதில் இல்லை.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. எங்கள் தீர்மானத்தின் வாசகம் இது: “பள்ளியை ஒட்டிய புறம்போக்கு நிலத்தில் ஆக்கிரமிப்பை அகற்றி, ஊராட்சியின் பொறுப்பில் பொது டென்னிஸ் திடல் அமைக்கவும், சாதி, பால் வேறுபாடின்றி அனைவரும் பயன்படுத்தவும், இணைக்கப்பட்ட துணை விதிகளின்படி நடத்தவும் இச்சபை தீர்மானிக்கிறது.” ‘இணைக்கப்பட்ட துணை விதிகளின்படி’ என்ற சொற்களை எடுத்துவிட்டால் மீதியை நிறைவேற்றித் தருகிறோம் என்று இப்போதே பேரம் பேசுகிறார்கள். அந்தச் சொற்கள் இல்லாமல் எங்களுக்குத் திடல் வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் ஊரில் டென்னிஸாக இருக்க வேண்டியதில்லை. பூப்பந்து, வளையப்பந்து, கபடி எதுவானாலும் ஆகட்டும். இந்த வாசகத்தை எடுத்துப்போய் ஆட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி, உங்கள் கிராம சபையில் வையுங்கள். வைத்தவர்கள், என்ன நடந்தது என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.